மாடத்தில் நின்ற ஃபிரிட்ஜ்

கொம்பையாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. லாரி ஓட்டியவர். முதுகு ஒத்துக்கொள்ளவில்லை, இறங்கிவிட்டார். வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. ஃபிரிட்ஜ் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளப் போனார்.

கற்றுக்கொடுத்தவர் செல்லக்கனி. பெண். கொம்பையாவைவிட ரொம்ப இளையவர். கோவில்பட்டியில் பட்டறை வைத்திருந்தார். ஊரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். கொம்பையாவும் அப்படியே கூப்பிட்டார். மாஸ்டர் அவரை அண்ணாச்சி என்றார். மரியாதை அதோடு சரி. வேலையில் பிசகினால் ஸ்பேனரால் மேஜையில் ஒரு தட்டு.

முதல் நாளே கொம்பையா கேட்டார்.

"மாஸ்டர், குளிரலைன்னு கூப்பிட்டா முதல்ல எதைத் திறக்கணும்?"

"வாயை."

"யாரு வாயை?"

"வீட்டுக்காரங்க வாயை. உங்க வாயை மூடணும்."

கொம்பையாவுக்கு விளங்கவில்லை. லாரி நின்றால் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விடுவார். அதுதான் பழக்கம். அடுத்தவனைக் கேட்டா வண்டி ஓட்டினார்?

ஒரு வீட்டில் காய்கறித் தட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. எட்டிப் பார்த்ததுமே கொம்பையா சொல்லிவிட்டார்.

"கேஸ் போச்சு."

மாஸ்டர் உள்ளே கையை விட்டார். பின்சுவரின் அடியில் தண்ணீர் இறங்குவதற்குச் சின்னதாய் ஒரு துவாரம் உண்டு. அதில் ஒரு கறிவேப்பிலை அடைத்திருந்தது. அதை எடுத்துக் கொம்பையாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாங்க உங்க கேஸ்."

இன்னொரு வீட்டில் பெட்டி உறுமியது. லாரி மேடேறுகிற மாதிரி சத்தம்.

"கம்ப்ரசர் மாஸ்டர். கேஸும் போயிருக்கும்."

மாஸ்டர் தரையில் குனிந்து பார்த்தார். பெட்டியின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. அந்தக் காலை இரண்டு சுற்றுத் திருகி இறக்கினார். சத்தம் நின்றது. கொம்பையா கூரையைப் பார்த்தார்.

அப்புறம் ஒரு வாத்தியார் வீடு. பால் திரிந்துபோகிறது என்றார்கள். மாஸ்டர் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடினார். இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பரில் தோசை மாவு வழிந்து காய்ந்திருந்தது. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி தாளை வைத்து இழுத்தார். கதவு விடவில்லை. தாள்தான் கிழிந்தது.

"நாளைத் தேதியைக் கிழிச்சுட்டீங்களேம்மா" என்றார் வாத்தியார்.

"ஸ்கூலுக்கு லீவு விட்டுருங்க."

திரும்பி வரும்போது கொம்பையா பொறுக்காமல் கேட்டார்.

"கேஸ் எப்பத்தான் மாஸ்டர் போகும்?"

"அது போறப்ப போகும். நீங்க வழியனுப்பி வைக்காதீங்க."

இப்படியே ஓடியது. கொம்பையாவுக்குக் கை வந்துவிட்டது. வாய்தான் நிற்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் மகள் மாரீஸ்வரி போன் செய்தாள். கழுகுமலையில் கட்டிக்கொடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"அப்பா, சீருக்குக் குடுத்த ஃபிரிட்ஜ் குளிரல."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளாவே."

"உங்க அத்தை என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"அதான்ப்பா பயமா இருக்கு."

கொம்பையா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கட்டில், பீரோ, குத்துவிளக்கு, ஃபிரிட்ஜ். ஊரறியத் தன் லாரியில் ஏற்றித் தானே ஓட்டிப் போய் இறக்கிய சீர். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமன் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். அவர்கள் நடுவில் 'சம்பந்தி குடுத்தது ஓடல' என்று ஒரு சொல் விழுந்தால் போதும். ஃபிரிட்ஜை மாற்றிவிடலாம். மகள் மேல் ஒட்டிக்கொண்ட பேச்சை எங்கே போய் மாற்றுவது?

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது.

"மாஸ்டர், அதே நிறத்துல ஒரு பெட்டி வாங்குவோம். அவுக கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து மாத்தி வச்சிட்டு வந்துருவோம்."

"உள்ள இருக்கிற ஊறுகாய்?"

"அதையும் எடுத்து மாத்தி வச்சிருதேன்."

"காந்தத்துல ஒட்டியிருக்கிற பிள்ளையாரு?"

கொம்பையா யோசித்தார்.

"வண்டியை எடுங்க" என்றார் மாஸ்டர்.

பட்டறையின் லோடு ஆட்டோவில் கொம்பையா எல்லாவற்றையும் ஏற்றினார். கேஸ் சிலிண்டர், பற்றவைக்கிற சாமான், பம்பு, புது கம்ப்ரசர் ஒன்று. மாஸ்டர் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டார்.

"அது எதுக்கு மாஸ்டர்?"

"பொண்ணு குடுத்த வீட்டுக்கு வெறுங்கையோட போறீகளே, அதுக்கு."

வழியெல்லாம் கொம்பையா புலம்பினார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான். கல்யாணத் தேதி குறித்த ஜோசியனைக்கூட அவர் விடவில்லை.

"அங்க போனதும் நான் பேசிக்கிடுதேன் மாஸ்டர். நீங்க வேலையை மட்டும் பாருங்க."

மாஸ்டர் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வாசலில் சம்பந்தி ஆவுடையம்மாள் நின்றாள். கொஞ்சம் பருமன். முகத்தில் ஒரு இறுக்கம். அவளுக்குப் பின்னால் மாரீஸ்வரி.

"வாங்கண்ணே."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. கொம்பையாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"தங்கச்சி, மன்னிச்சிருங்க. பெட்டி சரியில்ல. தப்பு என் மேலதான். பாத்து வாங்கியிருக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற ஒண்ணு கொண்டாந்து இறக்கலைன்னா என் பேரு..."

மாஸ்டர் ஒரு கடலைமிட்டாயை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"மெல்லுங்க அண்ணாச்சி."

கோவில்பட்டிக் கடலைமிட்டாய். லேசில் கரையாது. கொம்பையா மென்றார்.

"பெட்டி எங்கம்மா இருக்கு?" என்றார் மாஸ்டர்.

ஆவுடையம்மாள் நடுவீட்டைக் காட்டினாள்.

கொம்பையா மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

சுவரோடு சேர்த்து ஒரு மாடம் கட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல். இரண்டு பக்கமும் சுவர், மேலே பலகைக்கல், உள்ளே பூப்போட்ட டைல்ஸ். அதற்குள் ஃபிரிட்ஜ் நின்றது. விரல் நுழைய இடமில்லை. முன்னால் ஜரிகை வைத்த திரை, இரண்டாகப் பிரித்துக் கட்டியிருந்தது. கதவில் சந்தனம், குங்குமம். மேலே கதம்ப மாலை. தீபாராதனை ஒன்றுதான் பாக்கி.

"யாரும்மா கட்டினது?" என்றார் மாஸ்டர்.

"நான்தான் கொத்தனாரைக் கூட்டியாந்து கட்டினேன்" என்றாள் ஆவுடையம்மாள். "பெட்டியை அளந்து, நூல் பிடிச்சாப்புல. வெள்ளையடிச்சப்ப சேத்துச் செஞ்சது. எங்க சம்பந்தி அண்ணன் குடுத்த சீரு. மூலையில கிடந்தா நல்லாவா இருக்கு? வாசல்ல நுழையுதவுக முதல்ல அதைப் பாக்கணும்."

"அதுக்கு முன்னாடி குளிர்ந்துச்சா?"

"குளிர்ந்துச்சாவா? தண்ணி குடிச்சா பல்லு கூசும்."

"மாடம் கட்டின பெறகு?"

ஆவுடையம்மாள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது.

"நான்தான் என்னமோ பண்ணிக் கெடுத்துட்டேன். சூடு ஆறுமுன்ன குழம்பை உள்ள வச்சேனோ, பித்தானை மாத்தித் திருகிட்டேனோ, தெரியல. ஒரு வருஷம்கூடக் காப்பாத்தத் தெரியலையேன்னு அண்ணன் நினைப்பாக. எப்படிச் சொல்ல? வாயே வரல."

கொம்பையா எதையோ சொல்லப் பார்த்தார். கடலைமிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டது.

மாரீஸ்வரி அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'ஒண்ணும் சொல்லல' என்று அவள் இத்தனை நாள் பயந்தது இதற்குத்தான்.

"அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். "என்ன கோளாறு? சொல்லுங்க."

கொம்பையா ஒருவழியாக விழுங்கினார். "கேஸ் போச்சு மாஸ்டர்."

"முன்னால ரெண்டு ஓரத்துலயும் கை வைங்க."

வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டார். தோசைக்கல்.

"கேஸ் போன பெட்டி சுடுமா?"

"சுடாது மாஸ்டர்."

"அப்ப?"

கொம்பையா வாசல் வழியே ஆட்டோவில் கிடந்த சிலிண்டரைப் பார்த்தார். சும்மா சுமந்து வந்தது அது.

மாஸ்டர் பிளக்கைப் பிடுங்கினார். மாலையைக் கழற்றி ஆவுடையம்மாளிடம் கொடுத்தார். கொம்பையாவும் மாரீஸ்வரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஃபிரிட்ஜை வெளியே நகர்த்தினார்கள். மாடத்துக்குள்ளிருந்து அனல் ஒரு வீச்சு வந்து முகத்தில் அடித்தது.

"அண்ணாச்சி, நீங்க உள்ள போங்க."

"எங்க மாஸ்டர்?"

"மாடத்துக்குள்ள."

"நானா?"

"சாமி தானா ஏறுமா? ஏறுங்க."

கொம்பையா ஏறி நின்றார். தோள் இரண்டும் சுவரில் உரசியது. ஆவுடையம்மாள் கையிலிருந்த மாலையை வாங்கி மாஸ்டர் அவர் கழுத்தில் போட்டார். திரையை இழுத்து மூடினார்.

கொஞ்ச நேரம் போனது.

"அண்ணாச்சி, எப்படி இருக்கு?"

"வேர்க்குது மாஸ்டர்."

"மரியாதையெல்லாம் சரியா இருக்கா?"

"மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல." திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூச்சுத்தான் விட முடியல."

மாரீஸ்வரி சிரித்துவிட்டாள். அடக்கிக்கொண்ட சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. ஆவுடையம்மாள் திரையைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள். இந்தப் பெண் இப்படிச் சிரிக்கும் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது.

"அப்பாவை இங்கயே விட்டுட்டுப் போங்க மாஸ்டர்" என்றாள் மாரீஸ்வரி. "ஞாயித்துக்கிழமை மாமா வீட்டு ஆளுக வந்து கும்புட்டுக்கிடட்டும்."

"விபூதித் தட்டு வைக்கட்டுமா?" என்றாள் ஆவுடையம்மாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். முகத்து இறுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கொம்பையா மாலையோடு வெளியே வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஃபிரிட்ஜின் பக்கத்தில் மறுபடி கை வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை மெதுவாக.

"பாவம்" என்றார்.

ஃபிரிட்ஜை ஜன்னலை விட்டுத் தள்ளி, வெயில் படாத சுவர்ப்பக்கம் நிறுத்தினார்கள். பின்னால் ஒரு சாண், பக்கத்தில் ஒரு சாண். கொம்பையாவே சாண் வைத்துப் பார்த்தார். அவர் கை பெரிய கை. அதனால் கொஞ்சம் கூடவே இடம் கிடைத்தது. பெட்டியைச் சும்மா ஆறவிட்டு, அப்புறம் மாஸ்டர் பிளக்கைச் சொருகினார்.

"திரை போடலாமா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"வேண்டாம்."

"சந்தனம்?"

"கதவுல ஒரு பொட்டு. ரப்பர்ல வேண்டாம்."

"பூவு?"

"பூ உங்க தலைக்கு."

மாடம் காலியாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆவுடையம்மாள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். இத்தனை டைல்ஸும் வீணா?

மாரீஸ்வரி தயங்கினாள். இந்த வீட்டில் அவள் எதையும் சொல்லி வழக்கமில்லை. வந்த நாளிலிருந்து அவளை உட்காரவைத்தே பார்த்தார்கள். சட்டியைத் தொட்டால், 'வேண்டாம்மா, நீ உக்காரு.' துடைப்பத்தை எடுத்தால், 'உனக்கெதுக்கும்மா.' சாப்பாடு முதல் இலையில். அவளும் விருந்தாளி மாதிரி சாப்பிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"அத்தை, உங்க தையல் மிஷினை அதுக்குள்ள வைப்போமா? வெளிச்சம் நேரா விழுது. உங்களுக்கு ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியலைன்னு சொல்லுவீகள்ல."

ஆவுடையம்மாள் மாடத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதைக் கொத்தனார் வந்தன்னைக்கே சொன்னா என்னட்டி? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மகளை அவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

"நீங்க கேக்கலையே அத்தை."

"கேட்டாத்தான் சொல்லுவியாக்கும். போ, போய் தேங்காயைத் துருவு. உங்க அப்பாவுக்கும் மாஸ்டருக்கும் இலை போடணும். உக்காந்துக்கிட்டே இருந்தா யாரு போடுவா?"

மாரீஸ்வரி அடுக்களைக்கு ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள்.

சாப்பிட்டு முடித்து, காபி நேரம் வரை இருந்தார்கள். அடுக்களையில் மாமியாரும் மருமகளும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உப்புக் கூடவா குறையவா என்று வழக்கு. கொம்பையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க நாலு தடவை எழுந்தார். நாலு தடவையும் மாஸ்டர் ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்தார்.

மாஸ்டர் ஃபிரிட்ஜின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடு. அவ்வளவுதான்.

ஆவுடையம்மாள் மேல்தட்டில் வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பல்லு கூசுது" என்றாள். அப்புறம் கொம்பையாவைப் பார்த்தாள். "நல்ல பெட்டிண்ணே. நல்லாப் பாத்துத்தான் குடுத்திருக்கீக."

பெட்டியைத்தான் சொன்னாள். கொம்பையா தலையை ஆட்டினார்.

சிலிண்டரும் கம்ப்ரசரும் இறங்காமலே திரும்பின. லோடு ஆட்டோ தெருமுனை தாண்டியது. ஊர் எல்லை வரை கொம்பையா பேசவில்லை. அதற்கு மேல் முடியவில்லை.

"மாஸ்டர், ஏட்டிங்காக."

"ம்."

"வாயில கொழுக்கட்டையாங்காக."

"ம்."

"வந்து ஒரு வருஷம்கூட ஆகல. தேங்காய் துருவச் சொல்லுதாக. முன்ன எப்படி வச்சிருந்தாக. உக்காரவச்சு, முதல் இலை போட்டு..."

மாஸ்டர் கடைசிக் கடலைமிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

கொம்பையா வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் மாஸ்டர். பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். நாம கிளம்பின பெறகு என்ன பேசிக்கிட்டாகளோ. சந்தோஷமா இருக்காளான்னு மட்டும்."

"இப்பத்தான் அண்ணாச்சி சரி பண்ணிட்டு வந்திருக்கோம்" என்றார் மாஸ்டர். "குளிருதா குளிருதான்னு நிமிஷத்துக்கு ஒருதரம் கதவைத் திறந்து பாத்தா, எந்தப் பெட்டி குளிரும்?"